பேசும் பலகையும் கேட்கும் பெண்ணும்

கொலம்பஸ் என்றதும் அமெரிக்காவைத் தேடிப் போன மாலுமிதான் நம் நினைவுக்கு வருவார். அவர் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பல ஊர்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது ஓஹையோ மாகாணத்தின் தலைநகரான கொலம்பஸைப் பற்றி. ஊர் நடுவே சயோட்டோ என்ற நதி ஓடுகிறது. பிரம்மாண்டமான சர்வகலாசாலை ஒன்று இருக்கிறது. பழைய சட்டசபைக் கட்டடம் இருக்கிறது. இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான், பார்த்தேன். ஆனால் சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு, "அங்கே என்ன மாமி விசேஷம்?" என்று அண்டை வீட்டுப் பெண்கள் கேட்டபோது நான் சொன்ன சமாசாரம் நதியைப் பற்றியதும் அல்ல, சட்டசபையைப் பற்றியதும் அல்ல. அந்த ஊரில் ஒரு பலகை, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மனிதரைப் போலவே விசாரிக்கிறது என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புதிய பலகாரத்தையோ பானத்தையோ தேசம் முழுவதும் விற்பதற்கு முன்னால், முதலில் கொலம்பஸ் ஜனங்களின் நாக்கில் வைத்துப் பார்ப்பது அமெரிக்க வியாபாரிகளின் நெடுநாளைய வழக்கம். இந்த ஊருக்குப் பிடித்தால் நாட்டுக்கே பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கிறோமே, அந்த உள்ளங்கைதான் கொலம்பஸ்!

மேலும் இது ஹாம்பர்கர் பிறந்த வீடு இல்லாவிட்டாலும் புகுந்த வீடு என்று சொல்லலாம். ஒயிட் காஸில் என்ற கம்பெனி 1921-இல் கான்ஸாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்ற ஊரில் பிறந்தது. 1934-இல் தன் தலைமைக் காரியாலயத்தை இங்கே கொண்டு வந்துவிட்டது. டேவ் தாமஸ் என்பவர் 1969-இல் இதே ஊரில் ஒரு கடை திறந்து, தம் பெண்ணின் செல்லப் பெயரை அதற்குச் சூட்டினார். அதுதான் வெண்டிஸ். அப்பாக்கள் பெண் பெயரில் வீடு கட்டுவதுண்டு, லாரி விடுவதுண்டு. இவர் பெண் பெயரில் ரொட்டிக் கடை வைத்து உலகம் முழுவதும் பரப்பிவிட்டார்.

இறங்காமல் சாப்பாடு

காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கும் ஏற்பாட்டை அங்கே 'டிரைவ்-த்ரூ' என்கிறார்கள். கடையைச் சுற்றி ஒரு வளைந்த பாதை. பாதையின் ஆரம்பத்தில் படங்களும் விலைகளும் மின்னும் ஒரு பெரிய பலகை. அதன் அருகே காரை நிறுத்தி வேண்டியதைச் சொல்ல வேண்டும். சற்று முன்னே நகர்ந்தால் ஒரு ஜன்னல். அங்கே பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

வெண்டிஸ் கடையில் இந்த மாதிரி ஜன்னல் 1970-இலேயே வந்துவிட்டது. மெக்டொனால்ட்ஸ் கடைக்கு அது வந்த கதை வேடிக்கையானது. அரிஸோனா மாகாணத்தில் ஸியர்ரா விஸ்டா என்ற ஊர். பக்கத்தில் ராணுவ முகாம். வேலை உடுப்போடு சிப்பாய்கள் வெளியே வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று கட்டளை. பசி கட்டளைக்கு அடங்குமா? 1975-இல் கடைக்காரர் சுவரில் ஜன்னல் வைத்தார். இன்றைக்குத் தங்கள் கடைக்கு வருகிறவர்களில் 100-க்கு 75 முதல் 80 பேர் வரை டிரைவ்-த்ரூவையே விரும்புகிறார்கள் என்று 2023-இல் வெண்டிஸ் கம்பெனியார் சொன்னார்கள்.

இத்தனை காலமும் பலகைக்கு உள்ளேயிருந்து வந்த குரல், கடைக்குள் காதில் கருவி மாட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் குரல், அல்லது பையனின் குரல். இப்போது சில இடங்களில் அந்த வேலையை யந்திரம் பார்க்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று பத்திரிகைகளில் அடிபடுகிறதே, அதுதான். வெண்டிஸ் கம்பெனி கூகுளோடு சேர்ந்து 2023 ஜூன் மாதம் இதைச் சோதிக்க ஆரம்பித்தது எந்த ஊரில் என்று நான் சொல்லவும் வேண்டுமா? உள்ளங்கையில்தான்!

பலகையோடு ஒரு பேட்டி

கடையின் பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாப்பிள்ளை காரை ஓட்டினார். என் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் ஆறு வயதுப் பேரனும் பின்னால். முன்னே நான்கு கார்கள். எங்கள் முறை வந்ததும் பலகை பேசிற்று. நல்ல கணீரென்ற பெண் குரல். அலுப்பு இல்லை, அவசரம் இல்லை, இருமல் இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு உற்சாகம் இருக்காது. சந்தேகம் எனக்கு அப்போதே தட்டியது.

மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்: மாமிசம் இல்லாமல் வெறும் ரொட்டியில் சீஸ், தக்காளி, வெங்காயம் வைத்து மூன்று, உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம், குழந்தைக்கு ஐஸ்கிரீம். பலகை ஒவ்வொன்றையும் எழுத்தில் காட்டிக்கொண்டே வந்தது. மாமிசம் வேண்டாம் என்றதை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டது. நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே அதுதான் பெரிய கவலை. 'நோ மீட்' என்று மூன்று தரம் சொல்லியும் உள்ளே இருப்பவர் மறந்துபோய் வில்லையை வைத்துவிட்டால் அன்றைய பட்டினி நிச்சயம். ஆகையால் எழுத்தில் பார்த்ததும் எனக்கு யந்திரத்தின் மேல் ஒரு வாத்ஸல்யமே பிறந்துவிட்டது.

வெயில் அன்றைக்கு அதிகம். "ஏண்டி, இங்கே மோர் கிடைக்காதோ?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"ஆகட்டும், இன்னும் ஒன்று சேர்த்துவிட்டேன்!" என்றது பலகை.

இங்கிலீஷில் 'மோர்' என்றால் 'இன்னும்' அல்லவா? யந்திரம் என் மோரை அந்த மோராக எடுத்துக்கொண்டு, இரண்டாவது பொட்டலம் வறுவலைக் கணக்கில் ஏற்றிவிட்டது. பேரனுக்கு ஒரே சந்தோஷம். "பாட்டி, இன்னொரு தரம் மோர் சொல்லேன்!" என்று குதித்தான்.

மாப்பிள்ளை, "இரண்டாவது வேண்டாம்" என்றார். யந்திரம் இரண்டாவது ரொட்டியை எடுத்துவிட்டது. "அது இல்லை" என்றார். ஐஸ்கிரீம் போய்விட்டது. பேரன் அழ ஆரம்பித்தான். பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. அந்தச் சமயத்தில் பலகையிலிருந்து வேறொரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த, மூச்சு வாங்கும், சாக்ஷாத் மனுஷக் குரல். "மன்னியுங்கள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மூன்று ரொட்டி, ஒரு வறுவல், ஒரு ஐஸ்கிரீம். சரிதானே?"

சரிதான். பேரன் அழுகையை நிறுத்தினான்.

ஜன்னலுக்குப் பின்னால்

கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவளைப் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். கூட்டம் சற்றுக் குறைந்ததும் ஒரு பெண் மேஜை துடைக்க வந்தாள். காதில் கருவி. இருபது வயது இருக்கும். சர்வகலாசாலையில் படித்துக்கொண்டே மீதி நேரத்தில் வேலை செய்கிறாளாம். என் பெண் பேச்சுக் கொடுத்தாள்.

யந்திரத்தை அவள் வைது பேசவில்லை. கூட்டமான வேளையில் அது ஒத்தாசைதான் என்றாள். முன்பெல்லாம் ஒரே சமயத்தில் காதால் கேட்டு, வாயால் பதில் சொல்லி, கையால் பானம் ஊற்ற வேண்டுமாம். இப்போது வாய்க்கு ஓய்வு. காதுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. யந்திரம் எப்போது தடுமாறும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது தடுமாறிய பிறகுதான் இவள் குறுக்கே வருகிறாள். அதற்குள் காரில் இருப்பவருக்குக் கோபம் தலைக்கு ஏறியிருக்கும். "யந்திரத்தைத் திட்ட முடியாது. அதனால் என்னைத் திட்டுவார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்கும் வேலை போய்விட்டது என்று கணக்குப் போட்டு, வறுவல் பாத்திரத்தையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டார்களாம்.

நம் வீடுகளில் மிக்ஸி வந்த கதை ஞாபகம் வருகிறதா, சகோதரிகளே? "இனி உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே தினம் இரண்டு சட்டினி கேட்க ஆரம்பித்தார்களே!

எப்படிக் கேட்கிறது?

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். வீட்டுக்குப் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். மைக்கில் விழும் ஓசையை யந்திரம் முதலில் எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. அந்த எழுத்திலிருந்து வந்தவர் கருத்து இன்னதென்று ஊகிக்கிறது. பிறகு கடையின் பட்டியலில் உள்ள சாமான்களோடு அதைப் பொருத்திப் பார்த்து, சமையல்கட்டுத் திரைக்கு அனுப்புகிறது. பதிலைக் குரலாக்கிப் பேசுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

கஷ்டம் எங்கே என்றால், ஜனங்கள் பட்டியலில் உள்ளபடி பேசுவதில்லை. வெண்டிஸ் கடையில் 'ஃப்ராஸ்டி' என்று ஒரு குளிர்ந்த சாக்லேட் பானம் உண்டு. வருகிறவர்கள் சிலர் அதை 'மில்க்ஷேக்' என்பார்கள். 'ஜூனியர் பேக்கன் சீஸ்பர்கர்' என்ற நீளப் பெயரைச் சுருக்கி 'ஜே.பி.சி.' என்பார்கள். இதையெல்லாம் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இட்லியையும் ஒரு வடையையும் 'டூ ஒன்' என்று சொல்லும் நம் ஊர் மனிதரை அதன் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகுமோ! இவற்றோடு எஞ்சின் சத்தம், காற்று, ரேடியோ பாட்டு, பின் சீட்டில் குழந்தைகள் சண்டை. நடுவில் மனத்தை மாற்றிக்கொண்டு, "இல்லை இல்லை, அது வேண்டாம், இது" என்பவர்கள் வேறு. குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகிறவர்களில் இதில் சேராதவர் யார்?

இன்னொரு விஷயம் வேடிக்கைக்கு உரியதல்ல. பேசும் ஓசையை எழுத்தாக்கும் ஐந்து பெரிய கம்பெனிகளின் யந்திரங்களை ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பேசினால் 100 சொல்லுக்கு 19 தப்பு; கறுப்பர் பேசினால் 35 தப்பு. இரு தரத்தாரும் அமெரிக்கர்களே, பேசியதும் இங்கிலீஷே. யந்திரம் எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ அந்தக் குரல்களுக்குத்தான் அதன் காது நன்றாகத் திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு யந்திரங்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன. வெண்டிஸ் யந்திரம் ஸ்பானிய மொழியிலும் பேசுகிறது. ஆனாலும் திக்கிப் பேசுகிறவர், மூச்சு வாங்கும் கிழவர், நேற்று வந்து இறங்கிய அயல்நாட்டு மாமியார் இவர்களெல்லாம் அந்தப் பலகையின் முன்னால் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி குரலைச் சரிசெய்துகொள்வதைப் பார்த்தால் மனத்துக்கு என்னவோ செய்கிறது.

பெரிய கம்பெனிகளும் குட்டிக்கரணம் அடித்திருக்கின்றன. மெக்டொனால்ட்ஸ் 2021-இல் சிகாகோ வட்டாரத்தில் பத்துக் கடைகளில் ஆரம்பித்தது. ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட கடைகளுக்கு அதை விஸ்தரித்தது. ஐஸ்கிரீமின் மேல் பன்றி மாமிசத்தைச் சேர்த்துவிட்டது என்று ஒரு படம் ஊரெல்லாம் பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது. 2024 ஜூலைக்குள் அந்த யந்திரங்களை எடுத்துவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. குரல் யந்திரத்தையே கைவிட்டதாக மட்டும் சொல்லவில்லை. டாக்கோ பெல் கம்பெனி ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளில் வைத்தது. ஒரு குறும்புக்காரர் 18,000 குவளை தண்ணீர் வேண்டும் என்று கேட்டு அதைத் திணற அடித்தார். எந்த இடத்தில் யந்திரம், எந்த இடத்தில் மனிதர் என்று மறுபடி யோசிப்பதாக 2025 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். வெண்டிஸ் மட்டும் அதே வருஷம் ஐந்நூறு, அறுநூறு கடைகளுக்கு விஸ்தரிக்கப் போவதாகச் சொன்னது.

இத்தனை பாடுபட்டும் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்? கூலி ஒரு காரணம். கலிபோர்னியா மாகாணத்தில் 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுக் கம்பெனிகள் தொழிலாளிக்கு மணிக்கு 20 டாலராவது கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். இரண்டாவது காரணத்தைக் குடும்பப் பெண்கள் கவனிக்க வேண்டும். "பெரிய டம்ளராகத் தரட்டுமா? கூட ஒரு இனிப்பு?" என்று கேட்க யந்திரம் மறப்பதே இல்லை, கூச்சப்படுவதும் இல்லை. மனுஷப் பெண்ணாக இருந்தால், சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும் தாயாரின் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை விழுங்கிவிடுவாள்.

நள்ளிரவுக் காதுகள்

என்னைத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி இனிமேல்தான். பிரெஸ்டோ என்று ஒரு கம்பெனி. பல ஹோட்டல்களுக்கு இந்த மாதிரி யந்திரங்களைக் கொடுத்து வந்தது. மனிதர் தலையீடே அநேகமாக வேண்டாம் என்பது போல விளம்பரம். 2023 கடைசியில் அதன் சொந்த அறிக்கைகளிலிருந்தே உண்மை வெளிவந்தது. பிலிப்பைன்ஸ் முதலான தேசங்களில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்கள். 100-க்கு 70-க்கு மேற்பட்ட ஆர்டர்களில் அவர்கள் கை பட்டிருந்தது! பங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க சர்க்கார் இலாகா 2025 ஜனவரியில், அந்தக் கம்பெனி ஜனங்களுக்குத் தவறான எண்ணம் தந்துவிட்டதென்று உத்தரவு போட்டது.

கோடைகாலத்தில் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் பகல் 12 மணி என்றால் பிலிப்பைன்ஸில் சரியாக நள்ளிரவு 12 மணி. யாரோ ஒரு பெண் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒருவர் வெங்காயம் வேண்டும் என்றாரா வேண்டாம் என்றாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சரியாகக் கேட்டால் பெயர் யந்திரத்துக்கு. நம் சென்னையிலும் இரவு வேன்களில் ஏறி அமெரிக்கப் பகலுக்கு வேலை பார்க்கப் போகும் பெண்கள் உண்டே. அந்தத் தூக்கம் கெட்ட கண்கள் நமக்குப் புதிதல்ல.

மாப்பிள்ளை ஒரு பழைய படம் காட்டினார். ஹார்ன் அண்டு ஹார்டார்ட் என்பவர்கள் 1902-இல் பிலடெல்பியாவிலும், 1912-இல் நியூயார்க்கிலும் 'ஆட்டோமாட்' என்ற சிற்றுண்டிச்சாலை திறந்தார்கள். சுவர் முழுவதும் கண்ணாடி அறைகள், அறைக்குள் பலகாரம். காசைப் போட்டுத் திருகினால் கதவு திறக்கும். சர்வரே இல்லாத ஹோட்டல் என்று ஜனங்கள் பிரமித்தார்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் காலியான அறைகளை நிரப்பிக்கொண்டே ஆட்கள் இருந்தார்கள். நோட்டுக்குச் சில்லறை தருவதற்கென்றே கூண்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்க்காமலே இருபது காசுகளைச் சரியாக வீசுவார்களாம். கடைசி ஆட்டோமாட் 1991-இல் மூடப்பட்டது. படத்தில் கண்ணாடிக் கதவுகள் தெளிவாக இருந்தன. அந்தப் பெண்களைத் தேடினேன், காணவில்லை.

சந்தையில்

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கொலம்பஸில் நார்த் மார்க்கெட் என்ற சந்தைக்குப் போனோம். 1876-இல் ஏற்பட்டது. ரொட்டி, மீன், பூ, தேன், பல தேசத்துச் சமையல் என்று ஒரே கலகலப்பு. அங்கிருந்து வரும் வழியில் கிராமத்துப் பால் சாமான்கள் விற்கும் ஒரு சிறு கடை. கல்லாவில் என் வயதுக்காரி ஒருத்தி. பெண் முந்திக்கொள்வதற்குள் நானே என் இங்கிலீஷில், "பட்டர் மில்க் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் பார்த்தாள். "குடிக்கவா, மாவில் விட்டுப் பிசையவா?" என்று கேட்டாள்.

"குடிக்கத்தான்" என்றேன்.

"இங்கே கிடைப்பது கெட்டியாக இருக்கும். ரொட்டிக்கும் தோசை மாதிரி வார்ப்பதற்கும்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். நீ குடிப்பதானால் தண்ணீர் விட வேண்டும். பாதிக்குப் பாதி" என்று கையால் அளவு காட்டினாள். என் பெண் மொழிபெயர்த்துச் சொன்னது அப்படி. 'தோசை' அவள் சேர்த்தது என்று நினைக்கிறேன்.

வீட்டில் உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டுக் கலக்கினேன். கறிவேப்பிலைதான் கிடைக்கவில்லை. பேரன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "மோர்!" என்றான். எந்த மோர் என்று நான் கேட்கவில்லை, ஊற்றினேன்.